அலுவலக நாட்காட்டியும் சொந்தக் கைபேசியும்: ஒத்திசைவு இருவழியாக இருக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: மார்ச் 4, 2024

எங்கள் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல், நாட்காட்டிச் சேவையகமும் அவுட்லுக்கும் பயன்பாட்டில் உள்ளன. சொந்தக் கைபேசியில் அலுவலகக் கணக்கைச் சேர்க்க முயன்றால், கைபேசியில் உள்ள அனைத்தையும் அழிக்கும் அதிகாரத்தை நிர்வாகிக்குக் கொடுக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு வருகிறது. அதற்கு எனக்கு விருப்பமில்லை. ஆகவே மூன்றாம் தரப்பு மென்பொருள் ஒன்றை நடுவில் வைத்து, அவுட்லுக் நாட்காட்டியையும் ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள என் கூகுள் நாட்காட்டியையும் இருவழியாக ஒத்திசைக்க நினைக்கிறேன். ஒருவழி ஒத்திசைவு அரைகுறை வேலை என்பது என் கருத்து. எந்த மென்பொருள் நல்லது?

மார்ச் 4, 2024, இரவு

மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன், ஒருவழி என்றால் அரைகுறை என்ற கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டம் அவுட்லுக்கில் இருக்கிறது, கைபேசியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது அவுட்லுக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்டதா, அல்லது கைபேசியில் நீக்கப்பட்டதா? இரண்டு நாட்காட்டிகளையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விடை கிடைக்காது. சென்ற முறை இரு பக்கமும் எப்படி இருந்தன என்ற பதிவு மென்பொருளிடம் இருந்தால்தான் அது சரியாக முடிவெடுக்க முடியும். அந்தப் பதிவு தொலைந்துவிட்டால், மென்பொருள் ஊகிக்கத் தொடங்குகிறது. ஊகம் ஒரு பக்கம் சாய்ந்தால் நிகழ்வுகள் இரட்டிக்கும், மறுபக்கம் சாய்ந்தால் அழியும். ஒருவழி ஒத்திசைவில் இந்தக் கேள்வியே எழுவதில்லை, ஏனெனில் அங்கே ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் நகல் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 5, 2024

நேற்றைய குறிப்பில் அந்த அறிவிப்பைப் பற்றி எழுத இடமில்லாமல் போயிற்று. கைபேசி எக்ஸ்சேஞ்சோடு பேசும் ஆக்டிவ்சிங்க் என்ற நெறிமுறை வழியாகக் கணக்கைச் சேர்க்கும்போது தொலைவிலிருந்து அழிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்பது பழைய நடைமுறை. அந்த நெறிமுறையின் 16.1ஆம் பதிப்பில் அலுவலகக் கணக்கின் தரவை மட்டும் அழிக்கும் வசதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டிலோ, 2014இல் வெளியான 5.0 பதிப்பு முதலே பணிக்கான தனிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, அலுவலகச் செயலிகளைச் சொந்தச் செயலிகளிடமிருந்து பிரித்து வைக்க முடியும். நிர்வாகியின் அழிக்கும் அதிகாரம் அந்தச் சுயவிவரத்துக்கு வெளியே நீளாது. எனவே மூன்றாம் தரப்பைத் தேடுவதற்கு முன்பு, பணிச் சுயவிவரத்தை அனுமதிக்கிறார்களா என்று கணினிப் பிரிவிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மென்பொருளோடு மல்லுக்கட்டுபவர்களை நான் அறிவேன்.

மார்ச் 5, 2024, மாலை

"கேட்டேன்; அனுமதி இல்லை என்றார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: அலுவலக நாட்காட்டியை வெளியே கொண்டுசெல்ல அனுமதி உண்டா? கூட்டத்தின் தலைப்பு, பங்கேற்பவர்களின் பெயர்கள், இணையக் கூட்டத்தில் நுழைவதற்கான சுட்டி ஆகியவை எல்லாம் அந்த நிகழ்வோடு சேர்ந்துதான் பயணம் செய்கின்றன. கைபேசிக்கு அனுமதி மறுத்த அலுவலகம், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஓர் இடைநிலைச் சேவைக்கு அனுமதி தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மார்ச் 6, 2024

அனுமதி கிடைத்தது, ஆனால் தலைப்பும் நேரமும் இடமும் மட்டுமே வெளியே செல்லலாம் என்ற நிபந்தனையோடு. நல்ல நிபந்தனை, அது தேர்வைச் சுருக்கிவிடுகிறது. இனி வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி வெளியிடப்பட்ட நாட்காட்டி முகவரி. இணையத்தில் இயங்கும் அவுட்லுக்கில் நாட்காட்டியை வெளியிடும் வசதி இருக்கிறது. நிர்வாகி அதை முடக்கி வைக்காமல் இருந்தால், நீங்கள் எப்போது வேலையாக இருக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டலாம், தலைப்பையும் இடத்தையும் காட்டலாம், அல்லது அனைத்தையும் காட்டலாம். உங்கள் நிபந்தனைக்கு நடுவில் உள்ள தெரிவு பொருந்தும். கிடைக்கும் ஐசிஎஸ் முகவரியை, அதாவது நாட்காட்டிக் கோப்பு இருக்கும் இணைய முகவரியை, கைபேசியில் சந்தா செய்துகொண்டால் போதும். அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் படிக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதற்குத் தனியாகக் கடவுச்சொல் கிடையாது.

இரண்டாவது வழி கணினியில் இயங்கும் பாலம். அது அவுட்லுக்கைத் திறந்து படித்து, கூகுள் நாட்காட்டியில் எழுதும். கணினி அணைந்திருக்கும்போது பாலமும் அணைந்திருக்கும். விடுமுறையில் இருக்கும்போது திங்கட்கிழமைக் கூட்டம் மாறியது தெரியாமல் போவது இப்படித்தான்.

மூன்றாவது வழி, இரண்டு கணக்குகளின் அனுமதியையும் பெற்றுக்கொண்டு தொலைவில் எங்கோ இயங்கும் இடைநிலைச் சேவை. வசதியில் இதற்கு இணை இல்லை. நம்பிக்கையும் இதற்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. உங்கள் நிபந்தனையின்படி இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேவையகத்தில் உள்ள நாட்காட்டியைப் படிக்கவும் எழுதவும் உதவும் கால்டேவ் என்னும் நெறிமுறை நான்காவது வழி. 2007இல் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 4791 என்று வெளியான திறந்த தரநிலை அது. ஐபோன் இதை நெடுங்காலமாகத் தானே புரிந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டுக்கு டேவ்எக்ஸ்5 போன்ற தனிச் செயலி வேண்டும். எக்ஸ்சேஞ்ச் கால்டேவைப் பேசாது என்பதால் அதற்கும் நடுவே டேவ்மெயில் போன்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவார். சொந்தமாகச் சேவையகம் வைத்துப் பராமரிப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு இது ஏற்றது. மற்றவர்கள் ஒதுங்கிப் போகலாம்.

மார்ச் 7, 2024

கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்லும் மென்பொருளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் தன் இணையவழி எக்ஸ்சேஞ்ச் சேவையில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் அனுப்பி நுழையும் முறையை 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. அந்தச் சேவைக்கென்று இன்றும் கடவுச்சொல்லைக் கேட்கும் மென்பொருள் மிகப் பழையதாக இருக்க வேண்டும், அல்லது அதன் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். அலுவலகமே தன் கட்டடத்தில் வைத்து நடத்தும் சேவையகமானால் நிலைமை வேறு.

மார்ச் 9, 2024

முதல் குறிப்பில் தொட்டுவிட்டுப் போன, நிகழ்வுகள் இரட்டிப்பதைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

ஐகேலண்டர் வடிவத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் யுஐடி என்னும் தனி அடையாளம் உண்டு. 1998இல் ஆர்எஃப்சி 2445 என்று வந்து, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்று திருத்தி எழுதப்பட்ட அந்த வடிவம்தான் இன்றைய நாட்காட்டி மென்பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுமொழி. தலைப்பு மாறலாம், நேரம் மாறலாம், அடையாளம் மாறாது. அதை வைத்துத்தான் பழைய நிகழ்வின் புதிய வடிவம் இது என்று ஒரு மென்பொருள் கண்டுகொள்கிறது. இடையில் நிற்கும் மென்பொருள் நகலை எழுதும்போது, மறுபக்கத்துச் சேவை அதற்கு வேறோர் அடையாளத்தைக் கொடுத்துவிடுவதுண்டு. அப்போது இந்த அடையாளமும் அந்த அடையாளமும் ஒன்றே என்று ஓர் இணைப் பட்டியலை அது எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். சில மென்பொருள்கள் அந்தப் பட்டியலைத் தன் சொந்தக் கோப்புறையில் வைக்கின்றன. மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் பட்டியல் போய்விடும், எல்லா நிகழ்வுகளும் அதற்குப் புதியவையாகத் தோன்றும், மறுநாள் காலை ஒவ்வொரு கூட்டமும் இரண்டிரண்டாக நிற்கும். கவனமாக எழுதப்பட்ட மென்பொருள்கள் மறுபக்க அடையாளத்தை அந்த நிகழ்வுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தில் எழுதி வைக்கின்றன. வாங்குவதற்கு முன் கையேட்டில் தேட வேண்டிய விவரம் இதுவே. விளம்பரப் பக்கத்தில் இது இருக்காது.

"சிக்கல் வந்தால் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்" என்ற ஆலோசனை எல்லா உதவிப் பக்கங்களிலும் முதல் வரியாக இருப்பதன் விளைவை இப்போது நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

மார்ச் 11, 2024

நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். ஐரோப்பாவில் மார்ச் 31 அன்றுதான் நகர்த்துவார்கள். இடைப்பட்ட இந்த மூன்று வாரங்கள், ஒத்திசைவு மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஆண்டின் மிகச் சிறந்த காலம். வெளிநாட்டுக் குழுவோடு வாராந்திரக் கூட்டம் வைத்திருப்பவர்கள், அதன் நேரம் கணினியிலும் கைபேசியிலும் ஒன்றாகத் தெரிகிறதா என்று இன்றே பாருங்கள்.

ஒரு மணி நேர வேறுபாடு தெரிந்தால், காரணம் பெரும்பாலும் நேர மண்டலத்தின் பெயரில் இருக்கும். விண்டோஸ் தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் கண்டத்தையும் நகரத்தையும் சேர்த்து எழுதும் ஐஏஎன்ஏ பட்டியலைப் பின்பற்றுகின்றன. இடைநிலை மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டும். பெயர் புரியாதபோது சில மென்பொருள்கள் அந்த நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றி எழுதிவிடுகின்றன. தனி நிகழ்வுக்கு அதனால் தீங்கில்லை. தொடர் நிகழ்வுக்கோ, கடிகாரம் நகரும் நாள்வரை சரியாக இருந்து, அதன் பிறகு எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

மார்ச் 12, 2024

நேர மண்டலத்தோடு ஒட்டிய இன்னொன்று. முழுநாள் நிகழ்வுகள் கைபேசியில் இரண்டு நாட்களுக்கு நீண்டு தெரிவதாக ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஐகேலண்டரில் முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி அந்த நாளைச் சேர்க்காதது. 14ஆம் தேதி ஒரு நாள் விடுப்பு என்றால் முடிவு 15 என்று எழுதப்படும். அதைத் தவறாகப் படிக்கும் மென்பொருள் ஒரு நாள் விடுப்பை இரு நாளாக்கிவிடும். (விடுப்பு உண்மையாகவே நீளாது என்பதுதான் வருத்தம்.) மற்றொரு காரணம் அவுட்லுக்கில் இருக்கிறது: அது முழுநாள் நிகழ்வை ஒரு நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவுவரை என்று நேரமாகவே வைத்திருக்கக்கூடும், நேர மண்டலம் மாறினால் அந்த நள்ளிரவு வேறொரு மணியாகி, நிகழ்வு இரண்டு நாட்களின் மீது சரிந்து கிடக்கும். எல்லா முழுநாள் நிகழ்வுகளும் நீண்டால் முதல் காரணம். பயணத்துக்குப் பிறகு மட்டும் நீண்டால் இரண்டாவது.

மார்ச் 17, 2024

முதல் குறிப்பில் ஒருவழியை ஆதரித்து எழுதியதை மீண்டும் படித்தேன். அதில் மாற்றமில்லை என்றாலும், கேள்வி கேட்டவரின் தேவையில் ஒரு நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாலை நான்கு மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கைபேசியில் குறித்து வைத்திருப்போம். அலுவலகத்தில் உடன் பணிபுரிபவருக்கு அது தெரியாததால் அதே நான்கு மணிக்குக் கூட்டம் வைத்துவிடுவார். இதைத் தடுக்கத்தான் பலரும் இருவழி ஒத்திசைவைத் தேடுகிறார்கள்.

ஆனால் அதற்குத் தேவைப்படுவது இருவழி அல்ல, இரண்டு ஒருவழிகள். அலுவலக நிகழ்வுகள் கைபேசியில் தனியான ஒரு நாட்காட்டிக்கு வரட்டும். சொந்த நிகழ்வுகள், தலைப்போ இடமோ குறிப்போ இல்லாமல், வெறும் "வேலையாக உள்ளேன்" என்ற கட்டங்களாக அலுவலக நாட்காட்டிக்குப் போகட்டும். எந்த நிகழ்வுக்கும் மூலம் ஒன்றே இருக்கும். இரு பக்கமும் மாற்றப்பட்டால் யாருடைய மாற்றம் வெல்லும் என்ற வழக்கே எழாது. மருத்துவரின் பெயரும் அலுவலகச் சேவையகத்தில் ஏறாது.

மார்ச் 18, 2024

"தனியான ஒரு நாட்காட்டி" என்று நேற்று எழுதியதை அழுத்திச் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்த நகல்களைச் சொந்த நிகழ்வுகள் உள்ள நாட்காட்டியிலேயே கொட்டினால், இரண்டாவது ஒருவழி அவற்றையும் சொந்த நிகழ்வுகள் என்று எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும். முதலாவது அவற்றை மீண்டும் கைபேசிக்குக் கொண்டுவரும். இரண்டு எதிரொலிப் பாறைகளுக்கு நடுவே நின்று கூவுவது போலத்தான். இதே காரணத்தால், ஒரே சோடி நாட்காட்டிகளுக்கு இரண்டு ஒத்திசைவு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட விடக் கூடாது. புதியதைத் தொடங்குவதற்கு முன் பழையதை நிறுத்த வேண்டும்.

மார்ச் 23, 2024

என் அலுவலக நண்பர் ஒருவர் இடைநிலைச் சேவை ஒன்றை, அதன் பெயர் இங்கே வேண்டாம், இருவழியாக அமைத்தார். அமைத்த அன்று மாலை, அவருடைய கூட்டங்களில் இருந்த வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோருக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து புதிய அழைப்புகள் போயின. சிலர் பண்போடு ஏற்றுக்கொண்டும் விட்டார்கள். மேலாளர் ஒரே கூட்டத்துக்கு இரண்டு முறை வர வேண்டுமா என்று கேட்டார்.

இது எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருந்தால் தடுப்பது எளிது. நிகழ்வில் அமைப்பாளர் என்றும் பங்கேற்பாளர்கள் என்றும் புலங்கள் உள்ளன. பங்கேற்பாளர் பட்டியலோடு ஒரு நிகழ்வை எழுதினால், பல நாட்காட்டிச் சேவைகள் தாமாகவே அழைப்பை அனுப்பிவிடும். கால்டேவில் இந்த நடத்தைக்கென்றே 2012இல் ஆர்எஃப்சி 6638 என்ற தனித் தரநிலை இருக்கிறது. ஆகவே நகலை எழுதும்போது பங்கேற்பாளர் பட்டியலை விட்டுவிடச் சொல்லும் தெரிவு மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தெரிவு இல்லாத மென்பொருளை விட்டு விலகுங்கள். பெயர்களைக் கைபேசியில் பார்த்தே தீர வேண்டும் என்றால், அவற்றைக் குறிப்புப் பகுதியில் வெறும் எழுத்தாகச் சேர்க்கும் மென்பொருள்களும் உண்டு. அலுவலகத்தின் நிபந்தனை இடம் கொடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். அழைப்புகளை ஏற்பதும் மறுப்பதும் எப்போதும் அலுவலகப் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

மார்ச் 24, 2024

நகலில் விட்டுவிட வேண்டியவற்றில் நினைவூட்டல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகலில் அவற்றை நீக்காவிட்டால் கணினியும் கைபேசியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்.

ஏப்ரல் 2, 2024

தொடர் நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வாரந்தோறும் வரும் கூட்டம் ஐம்பது நிகழ்வுகளாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு நிகழ்வும் அதற்கு ஒரு விதியுமாகவே சேமிக்கப்படுகிறது. ஒரு வாரத்துக் கூட்டத்தை மட்டும் ரத்து செய்தால் விதியோடு ஒரு விலக்குத் தேதி சேரும். ஒரு வாரத்துக் கூட்டத்தை மட்டும் வேறு நாளுக்கு நகர்த்தினால், அதே அடையாளத்தோடு ஒரு துணைப் பதிவு உருவாகி, எந்த வாரத்துக்கு அது மாற்று என்பதையும் சுமந்திருக்கும். மலிவான மென்பொருள்கள் விதியை ஒழுங்காகப் படித்துவிட்டு விலக்குகளில் தடுமாறுகின்றன: ரத்தான கூட்டம் கைபேசியில் நிற்கும், நகர்ந்த கூட்டம் பழைய நாளிலும் புதிய நாளிலும் நிற்கும். "இதுவும் இனி வருபவையும்" என்று மாற்றும்போது பல மென்பொருள்கள் பழைய தொடரை அங்கேயே முடித்துவிட்டுப் புதிய அடையாளத்தோடு இன்னொரு தொடரைத் தொடங்குகின்றன. அது பிழையல்ல, ஆனால் ஒத்திசைவுக்குத் தலைவலி.

எந்த மென்பொருளையும் உண்மையான நாட்காட்டியில் முதலில் ஓட விடாதீர்கள். வெற்று நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு தனி நிகழ்வு, ஒரு முழுநாள் நிகழ்வு, வேறு நேர மண்டலத்தில் ஒரு நிகழ்வு, ஒரு வாரம் நகர்த்தப்பட்டு இன்னொரு வாரம் ரத்தான தொடர் நிகழ்வு ஆகியவற்றை இட்டுப் பாருங்கள். பிறகு மூலத்தில் ஒன்றை நீக்கி, நகலும் போகிறதா என்று பாருங்கள். பங்கேற்பாளராக உங்களுடைய இன்னொரு மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தால் மார்ச் 23 குறிப்பில் சொன்ன விபத்தையும் செலவில்லாமல் சோதித்துவிடலாம். உண்மை நாட்காட்டிக்கு மாறும் முன் அதை ஐசிஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் 6, 2024

தாமதத்தைப் பற்றி. ஐசிஎஸ் முகவரியைக் கூகுள் நாட்காட்டியில் சந்தா செய்தவர்கள், காலையில் செய்த மாற்றம் மாலைவரை வரவில்லை என்கிறார்கள். கூகுள் அந்த முகவரியைத் தன் விருப்பப்படி பல மணி நேரத்துக்கு ஒரு முறைதான் படிக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்க நமக்கு வழியில்லை. மார்ச் 6 குறிப்பில் "கைபேசியில் சந்தா" என்று எழுதியது இதனால்தான்: ஐசிஎஸ்எக்ஸ்5 போன்ற செயலியைக் கைபேசியிலேயே நிறுவி நேராக அந்த முகவரியைப் படிக்கச் செய்தால் இடைவெளி நம் கையில் இருக்கும்.

அப்போதும் ஆண்ட்ராய்டின் மின்சிக்கனம் குறுக்கே நிற்கும். 2015இல் வந்த 6.0 பதிப்பு முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசி பின்னணி வேலைகளை ஒத்திப்போடுகிறது. சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் தம் பங்குக்குச் செயலிகளை முடக்குகிறார்கள். ஒத்திசைவுச் செயலிக்கு மட்டும் மின்கலச் சிக்கன விதிவிலக்குக் கொடுங்கள். அதன் பிறகும் குறித்த கால இடைவெளி பதினைந்து நிமிடங்களுக்குக் கீழே போகாது. ஆண்ட்ராய்டே வைத்திருக்கும் எல்லை அது. பத்து மணிக் கூட்டம் ஒன்பது ஐம்பதுக்கு ரத்தானால் கைபேசி நாட்காட்டி அதைச் சொல்லும் என்று நம்பக் கூடாது.

ஏப்ரல் 14, 2024

"கடைசிவரை பெயரைச் சொல்லவில்லையே" என்ற குறைக்கு: கணினிப் பாலம் வேண்டுபவர்களுக்கு அவுட்லுக் கூகுள் காலண்டர் சிங்க், கால்டேவ் சேவையகம் வைத்திருப்பவர்களுக்கு அவுட்லுக் கால்டேவ் சிங்க்ரனைசர் ஆகிய இரண்டும் திறமூல மென்பொருள்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. இவை கணினியில் நிறுவப்பட்ட பழைய வகை அவுட்லுக்கோடு உள்ளிருந்து பேசுபவை. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக் அந்த வாசலை மூடிவிட்டது. புதிய அவுட்லுக்குக்கு மாறச் சொல்லும் பொத்தானை அழுத்துவதற்கு முன் யோசியுங்கள்.

மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் அனைத்தும் பிறர் திறந்து வைத்த வாசலில்தான் நிற்கின்றன. கூகுள் தானே வெளியிட்ட அவுட்லுக் ஒத்திசைவு மென்பொருள்கூட 2014 ஆகஸ்ட் 1 அன்று இயங்காமல் நின்றது. எக்ஸ்சேஞ்ச் வலைச் சேவை என்ற வாசலைத் தன் இணையவழிச் சேவையில் 2026 அக்டோபர் 1 முதல் மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதை நம்பியிருக்கும் மென்பொருள்கள் கிராஃப் என்ற புதிய இடைமுகத்துக்கு மாற வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன், அந்த மாற்றத்தைச் செய்துவிட்டார்களா என்று எழுதிக் கேளுங்கள். விடை வராவிட்டால் மாதச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மே 3, 2024

கேள்வி கேட்டவர் ஐசிஎஸ் முகவரியோடு ஒருவழியாக அமைத்துக்கொண்டதாகவும், வேறு வேலைக்குப் போகும்போது என்ன செய்வது என்றும் எழுதியிருக்கிறார். செயலியில் சந்தாவை நீக்கினால் அதன் வழியாக வந்த நிகழ்வுகளும் கைபேசியிலிருந்து போய்விடும். அலுவலகக் கணக்கு மூடப்படுவதற்கு முன் நாட்காட்டி வெளியீட்டை நீங்களே நிறுத்திவிடுங்கள். அதுவரை முகவரி உயிரோடு இருக்கும். இடைநிலைச் சேவையைப் பயன்படுத்துபவர்கள் செயலியை அழித்தால் மட்டும் போதாது. கூகுள் கணக்கிலும் அலுவலகக் கணக்கிலும் அதற்குக் கொடுத்த அனுமதியைத் தனித்தனியே திரும்பப் பெற வேண்டும், ஏனெனில் செயலி போன பிறகும் அந்த அனுமதி தொலைவில் உள்ள சேவையிடம் இருந்துகொண்டே இருக்கும்.